விளக்கோடு வைத்த சீட்டு

சீட்டெல்லாம் எழுதித் தர்றதில்லம்மா. பொருள் வேணும்னா பாத்து எடுத்துக்குங்க. இந்தக் கிண்ணத்தப் பாருங்க, அலுமினியம். அடியில நார் நாரா ஓடுதே, அது கையால கீறினது இல்ல. நெசமாவே தேங்கா நார மண்ணுல அமுக்கி எடுத்த அச்சு. இதுக்கு என்ன கதை வேணும்? பழைய குக்கரு, பழைய ஜன்னல் சட்டம், உருக்கி ஊத்தினோம். அதையே வாயால சொல்லிக்குங்க. எழுத்துல வேணாம்.

கோவமா சொல்லலம்மா. மெட்ராஸ்லேருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், அனல் அடிக்கும், இப்படி வாங்க. அவரு இப்பதான் உலைய மூட்டியிருக்காரு, உருகி ஊத்துறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நான் ஏன் எழுத மாட்டேங்கறேன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறமும் சீட்டு வேணும்னு தோணுச்சுன்னா நீங்களே எழுதி வச்சுக்குங்க.

என் பேரு சௌந்தரி. அவரு ஏகாம்பரம். முன்னாடி பம்பு செட்டுக்கு வார்ப்பு பண்ற பட்டறையில இருந்தாரு. அத மூடினப்புறம் இந்த ஷெட்டப் பிடிச்சு, காயலாங்கடைச் சாமானா வாங்கி கதவுக் கைப்பிடி, விளக்குத் தண்டு, பேப்பர் பறக்காம வைக்கிற குண்டுன்னு ஊத்த ஆரம்பிச்சாரு. அவருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. இப்பவும் பாருங்க, நாம பேசுறது காதுல விழுது, திரும்பிப் பாக்கறாரா? நான் கூட்டுறவுப் பண்டகசாலையில இருந்தவ. வெளிய கரும்பலகையில அன்னன்னிக்கு என்ன வந்திருக்குன்னு எழுதுறது நான்தான். என் எழுத்தப் பாக்கறதுக்குன்னே நிப்பாங்க. பெருமைக்குச் சொல்லல, கேட்டுப் பாருங்க.

டவுன்ல ஒரு கடை. மேடம் பேரு வேணாம், அவங்க இப்ப ஊர்ல இல்ல. நம்ம சாமான அவங்கதான் வாங்கி வைப்பாங்க. அவங்கதான் சொன்னாங்க, ஒவ்வொரு பொருளுக்கும் அது எதுலேருந்து வந்துச்சுன்னு ஒரு சின்னச் சீட்டு வைங்க, இப்பல்லாம் ஜனங்க பொருள மட்டும் வாங்கறதில்லன்னு. சரின்னு எழுதினேன். மொத மொத எல்லாம் நெசம்தான். 'முதலியார்பேட்டை வீடொன்றின் பழைய குக்கர்'. 'ஓடாத மின்விசிறியின் இறக்கை'. யாரும் எடுத்துப் பாக்கல. மேடம் சொன்னாங்க, சௌந்தரி, உங்க எழுத்து அழகா இருக்கு, விஷயமும் அழகா இருக்கலாமேன்னு. அவங்க பொய் சொல்லுன்னு சொல்லல. நானும் பொய்னு நெனச்சு எழுதல. அழகா எழுதினேன். குக்கர் ஒரு ஆத்தாவோட கடைசிக் குக்கர் ஆச்சு. மின்விசிறி ஒரு மூடின பள்ளிக்கூடத்துது ஆச்சு. அதனால யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?

அப்ப ஒரு காத்தாடி வந்துச்சு. படகுக்குப் பின்னாடி தண்ணிக்குள்ள சுத்துமே, அது. நல்ல வெங்கலம். கடலூர்ப் பழைய சாமான் கடையில வாங்கினாரு. ஏரியில டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கிட்டு ரவுண்டு அடிக்கிற போட்டோடதுன்னு கடைக்காரர் சொன்னாராம். கடல்ல எறங்கினதே இல்ல. அத உருக்கி, ஒரு துண்டு மீன் வலைய மண்ணுல பதிச்சு, வலைக் கண்ணு கண்ணா தெரியற மாதிரி ஒரு விளக்கு ஊத்தினாரு. அவரு பண்ணினதுலயே அதுதான் ஒசத்தி. அதுக்குப் போயி ஏரி போட்டுன்னு எழுத எனக்கு மனசு வரல.

அதே மூட்டையில பித்தளைக் குழாயச் சுத்தி ஒரு பழைய பேப்பர் வந்திருந்துச்சு. பிரிச்சப்ப கண்ணுல பட்டுது. புயல்ல போன படகுங்களோட பட்டியல். ஊரு, படகு பேரு, எத்தன பேருன்னு வரிசையா. நான் ஒண்ண எடுத்துக்கிட்டேன். அவ்ளோதான் நான் பண்ணினது. 'ஆலந்துறைக்குப்பத்து மீனவர் மூவருடன் புயலில் சென்ற செல்லியம்மன் துணை என்னும் படகு திரும்பவில்லை. பரங்கிப்பேட்டைக் கரையில் கடல் திருப்பிக் கொடுத்தது அதன் காத்தாடியை மட்டுமே. அதுவே இவ்விளக்கு.' இதான் எழுதினேன். மேடம் படிச்சுட்டு கண்ணத் தொடச்சாங்க. மறுநாளே விளக்கு போயிடுச்சு.

இவருகிட்ட படிச்சுக் காட்டினேன். ஏரி போட்டு ஆச்சேன்னாரு. அவ்ளோதான். எழுதாதன்னு சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்.

வாங்கினவங்க யாரோ விளக்கையும் சீட்டையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. அது போன் போனா மாறி ஆலந்துறைக்குப்பத்துக்கே போயிடுச்சு. எனக்கு அதெல்லாம் தெரியாது. விளக்கு வித்து மூணு மாசம் இருக்கும், ஒரு காலையில இதோ இந்த வாசல்ல ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. முப்பது வயசு இருக்கும். கூட அண்ணங்காரரு. பொண்ணு பேரு தையல்நாயகி, அண்ணன் பேரு பக்கிரிசாமி. சீர்காழி வந்து பஸ் மாறி, கடலூர் வந்து பஸ் மாறி வந்திருக்காங்க. போன நீட்டி, "இந்த விளக்கு நீங்க பண்ணினதாக்கா?"ன்னுச்சு.

ஆமான்னேன். எனக்கு அப்பவும் ஒறைக்கல பாருங்க, இன்னொண்ணு வேணும்னு வந்திருக்காங்கன்னு நெனச்சேன்.

"அது எங்க போட்டுக்கா. எங்க வீட்டுக்காரர் போட்டு. அமிர்தலிங்கம்னு பேரு."

கல்யாணமாகி பதினாலாம் மாசம் கடலுக்குப் போனவரு. ஆறு வருசம் ஆச்சு. கூடப் போன ரெண்டு பேர் வீட்லயும் ஒரு வருசம் பாத்துட்டு காரியம் முடிச்சுட்டாங்க. இது மட்டும் முடிக்கல. பொணம் வரல, படகு வரல, ஒரு கட்டை கூட ஒதுங்கல, எங்கயோ எந்த நாட்டு ஜெயில்லயோ இருக்காருன்னு மனு மேல மனு குடுத்துக்கிட்டே இருந்திருக்கு. பொட்டும் பூவும் தாலியுமாத்தான் வந்து நின்னுச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க நம்பணும். அதுக்குள்ள அதுவே கேக்குது, "ரெக்கை ஒண்ணுல முனை ஒடிஞ்சிருந்திச்சாக்கா? போறதுக்கு மொத வாரம் கட்டையில அடிச்சி ஒடிஞ்சிபோச்சி. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

நான் இவரப் பாத்தேன். இவரு மண்ணு சலிச்சுக்கிட்டிருந்தாரு. நிமிரவேயில்ல. அந்த அண்ணன் என்னத் தனியா வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாரு. "அக்கா, உள்ளதச் சொல்லுங்க. அந்தப் போட்டுதான்னா போட்டுதான்னு அடிச்சிச் சொல்லுங்க. ஆறு வருசமா சரியா சோறு திங்கல. கேட்டுட்டான்னா அடங்கிடுவா"ன்னாரு. அந்த ஆளு முகத்தப் பாத்திருந்தீங்கன்னா நீங்களும் அதத்தான் பண்ணியிருப்பீங்க.

திரும்பி வந்து சொன்னேன். "ஆமா தையலு. முனை ஒடிஞ்சிருந்துச்சு."

அது அழல. என் ரெண்டு கையையும் பிடிச்சு விரல் விரலாப் பாத்துச்சு. "அவர் கை பட்டதத் தொட்டது கடைசியா இந்தக் கைதான்"னு சொல்லிட்டு கண்ணுல ஒத்திக்கிச்சு. இந்தக் கைய. உலைக்கிட்டக்கூட போகாத கை இது. சீட்டு மட்டும் எழுதின கை.

விளக்கு வித்துப் போச்சுன்னேன். அந்த வெங்கலத்துல ஒரு பொட்டாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுச்சு. ஊத்துறப்ப வாய்க்காலா ஓடி உறைஞ்ச துண்டு இருக்கும், அத அறுத்து ஓரமாப் போடுவோம், மறுபடி உருக்கிக்கலாம்னு. நான் இருக்காது, எல்லாத்தையும் உருக்கியாச்சுன்னு சொல்லப் போனேன். இவரு எழுந்து உள்ள போயி, தேடி, ஒரு சுண்டுவெரல் நீளத் துண்ட கொண்டாந்து அது கையில வச்சாரு. ஒரு வார்த்தை பேசல. ஆனா கொண்டாந்து குடுத்தது அவருதான். அதையும் சேத்துத்தான் சொல்லணும், இல்லையா? நான் மட்டும் பண்ணின மாதிரி ஆயிடும்.

அடுத்த வாரம் ஒரு வேன் பிடிச்சு வந்தாங்க. எந்த எடத்துல கிடைச்சுதுன்னு நான்தானே காட்டணும்? பரங்கிப்பேட்டைக் கரைக்கு நானும் போனேன். எனக்கு அந்தக் கரையே தெரியாது. சவுக்குத் தோப்பு தாண்டி ஒரு எடத்துல நின்னு, இங்கதான்னேன். நல்ல வெயில். வைக்கோல்ல ஆள் மாதிரி கட்டி, வேட்டி சுத்தி, நெஞ்சு இருக்கற எடத்துல அந்தத் துண்ட வச்சாங்க. அப்புறம் குழிக்குள்ள எறக்கினாங்க. பொம்பளைங்க எல்லாம் மாரடிச்சு அழுதாங்க. வளையல ஒடச்சாங்க. தாலிய எறக்கறப்ப தையலு பக்கத்துல யாரும் வேணாம்னுட்டு, என்னக் கூப்பிட்டுச்சு. "அக்கா, நீங்க நில்லுங்க."

நின்னேன். என் கழுத்துல தாலி இருந்துச்சு. இவரு வீட்ல எனக்காக சோறு வடிச்சு வச்சிருப்பாருன்னு அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு தெரியல. முந்தானைய இழுத்து கழுத்த மூடிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூணு நாள் காய்ச்சல். அதுக்கப்புறம் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லதுதான் பண்ணியிருக்கோம்னு. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். ஏன்னா தையலு நல்லா ஆயிடுச்சு. போன்ல பேசும். கருவாட்டு யாவாரம் ஆரம்பிச்சுது. உடம்பு தேறிடுச்சுன்னு அண்ணன் சொல்லுவாரு. அமாவாசைக்கு அமாவாசை பரங்கிப்பேட்டை போயிட்டு வரும். போயிட்டு வந்து எனக்குப் போன் போட்டு, "இன்னிக்கி கடல் அமைதியா இருந்திச்சிக்கா"ன்னு சொல்லும். நெத்திலிக் கருவாடு கொண்டாந்து குடுத்துட்டுப் போவும். அத வறுத்துச் சாப்பிட்டோம். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். பாருங்க, சொல்றப்பதான் தெரியுது.

சீட்டு எழுதறத மட்டும் நிறுத்தல. படகு, கடல்னு எழுதறத விட்டுட்டேன். மத்ததெல்லாம் எழுதிக்கிட்டுதான் இருந்தேன். அதையும் உள்ளபடி சொல்லிடணும்.

ஒரு வருசம் போச்சு. ஒரு நாள் போன் பண்ணி ஏதேதோ பேசிட்டு, போற போக்குல சொல்லுது. "முன்ன மனு குடுத்தேனே, அந்த ஆபீஸ்லேருந்து ஆள் வந்திச்சிக்கா. எதோ வெளிநாட்டு ஜெயில்ல நம்ம பாஷை பேசறவங்க ஆறு பேரு இருக்காங்களாம். புத்தி தடுமாறிப்போயி பேரு கூட சொல்லத் தெரியலியாம். போட்டோ வந்திருக்கு, காணாமப் போனவங்க வீட்டுக்காரங்க எல்லாம் வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. நான் எதுக்குப் போறது? எங்க வீட்டுக்காரருக்குக் கரையில காரியமே பண்ணியாச்சி, படகு சாமானே கிடைச்சாச்சின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

சரி தையலுன்னேன். வச்சுட்டேன்.

இவருகிட்ட சொன்னேன். இவரு கையில இருந்த இடுக்கியக் கீழ வச்சாரு. "போய்ச் சொல்லிட்டு வா"ன்னாரு. இத்தன வருசத்துல அவரு எனக்கு இத செய்யின்னு சொன்னது அது ஒண்ணுதான். நான் உடனே போகல. நாலு மாசம். தினம் எழுந்தா இன்னிக்கிப் போகணும்னு தோணும், ஒரு வேலை வந்துடும். அந்த ஆறு பேர்ல அவரு இருக்கவா போறாருன்னு சொல்லிக்குவேன். அப்புறம் ஒரு போட்டோவ மட்டும் நெனச்சுக்குவேன். முகம் தெரியாத போட்டோ. மேல் சட்டை இல்லாம ஒரு ஆளு உக்காந்து, யாராவது வருவாங்கன்னு வாசல் பக்கம் பாத்துக்கிட்டிருக்கற மாதிரி. ராத்திரி பகல்னு இல்ல, சோறு வடிக்கறப்பகூட அந்த ஆளு உக்காந்திருப்பாரு.

கடைசியில போனேன். எத்தன பேர் போவாங்க சொல்லுங்க? பேசாம இருந்திருந்தா இந்த ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நானாப் போயி என் வாயால சொன்னேன்.

தொகுப்பு வீடு, வாசல்ல பாய் விரிச்சு கருவாடு காயப் போட்டிருந்துச்சு. என்னப் பாத்ததும் அண்ணன் ஓடிப்போயி நுங்கு வாங்கியாந்தாரு. அதத் தொடல நான். ஒக்காந்ததும் சொல்லிட்டேன். ஏரி போட்டு, கடலூர்க் கடை, பேப்பர்ல பாத்த பேரு, எல்லாம்.

தையலு காக்காய வெரட்டறதுக்கு வச்சிருந்த குச்சிய மடியில வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. "முனை ஒடிஞ்சிருந்திச்சின்னீங்களே."

"நீ சொன்னதத்தான் நான் திருப்பிச் சொன்னேன்."

"பரங்கிப்பேட்ட?"

"நானா எழுதினது."

"அப்ப அவர் செத்தாரா இருக்காரான்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதும்மா."

அண்ணன்தான் எழுந்தாரு. அடிக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க? இப்பதானே அவ சோறு தின்ன ஆரம்பிச்சா. அன்னிக்கிப் பொய் சொன்னதும் உங்களுக்காக. இன்னிக்கி உள்ளதச் சொல்றதும் உங்களுக்காகத்தான்"னாரு. அவரு கோவத்துல சொன்னாரு. கோவத்துல மனுசங்க எதையாவது சொல்றதுதான். அன்னிக்கி வேப்பமரத்தடியில கேட்டுக்கிட்டது அவருதான், அத நான் சொல்லிக் காட்டல.

தையலு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போச்சு. வரும்போது கையில ஒரு மஞ்சக் கெழங்கும் நூலும். தாலிப் பொட்டத்தான் கோயில் உண்டியல்ல போட்டாச்சே. அந்தக் கெழங்க நூல்ல முடிஞ்சு, எங்க முன்னாலயே தானே கழுத்துல கட்டிக்கிச்சு. குப்பமே கூடிடுச்சு. ஒரு கெழவி, அறுத்த கழுத்துல இப்படிக் கட்டக் கூடாதுடின்னு கையப் பிடிச்சாங்க. "பொணத்தக் காட்டு ஆயா, அவுத்துடறேன்"னுச்சு. பஞ்சாயத்துலயும் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க, அங்கயும் அதையேதான் சொல்லியிருக்கு.

மறுநா காலையில நானும் கூடப் போனேன், அந்த ஆபீஸுக்கு. அங்க இருந்தவரு நல்ல மனுசன். கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு, நீங்க வர்லன்னதும் அந்தப் போட்டோவ எல்லாம் திருப்பி அனுப்பியாச்சும்மா, ரெண்டு பேர வேற ஊர்க்காரங்க அடையாளம் சொல்லிட்டாங்க, மீதி நாலு பேர வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னு தகவல் இருக்கு, திரும்பக் கேட்டு எழுதணும், புதுசா ஒரு மனு குடுங்கன்னாரு.

வெளிய மனு எழுதறவங்க நாலஞ்சு பேரு டேபிள் போட்டு உக்காந்திருந்தாங்க. தையலு அவங்களத் தாண்டிப் போயி படியில உக்காந்துது. என்னப் பாத்து, "எழுதுங்க"ன்னுச்சு. அது வரைக்கும் என்கிட்ட அது ஒரு வார்த்தை பேசல, பஸ்ல பூரா. அக்கான்னும் கூப்பிடல. இன்னிக்கி வரைக்கும் கூப்பிடறதில்ல.

மடியில அட்டைய வச்சு எழுதினேன். அது சொல்லச் சொல்ல. வயசு, ஒயரம், இடது புருவத்துல தழும்பு, வலது கையில கட்டைவெரல்ல நகம் கெடையாது, எந்நேரமும் கழுத்தச் சாச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்டச் சொல்லுச்சு. படிச்சேன். 'கடல் அன்னையின் மடியில் தொலைந்த என் கணவர்'னு ஒரு வரி வந்துச்சு.

"அது நான் சொன்னேனா?"

"இல்ல. படிக்கறவங்க மனசு எளகுமேன்னு."

"அடிச்சிடுங்க."

அடிச்சேன். நான் சொன்னத மட்டும் எழுதுங்கன்னுச்சு. சரின்னேன். கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பாத்துக்கிட்டிருந்துட்டு, "போன வருசம் எதுக்குக் காரியம் பண்ணினே, எதுக்குப் போட்டோ பாக்க வர்லன்னு கேப்பாங்க. அதையும் எழுதுங்க. யாரு சொல்லிப் பண்ணினேன்னு, பேரு, ஊரு போட்டு எழுதுங்க."

எழுதினேம்மா. அதுக்கப்புறம் இதுவரைக்கும் ஒம்போது மனு குடுத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய் எழுதறேன், வேற யாரு எழுதறதும் அதுக்கு ஒத்துக்கல. இன்னும் பதில் வரல. ஒவ்வொண்ணுலயும் அந்த வரி இருக்கு. ஆனா அந்த மொத தடவ, படியில, வெயில்ல, பக்கத்துல மனு குடுக்க வந்த ஜனமெல்லாம் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்க, 'சௌந்தரி என்பவர் பொய்யாகச் சொன்னதை நம்பி'ன்னு எழுதினேன். ஏகாம்பரம் மனைவின்னும் போடச் சொல்லுச்சு, போட்டேன். என் எழுத்து அன்னிக்கி நல்லாவே இல்ல.

படிச்சுக் காட்டுங்கன்னுச்சு. படிச்சேன். பாதியில கொரல் எறங்கிப் போச்சு.

"சரியா கேக்கல. திரும்பப் படிங்க"ன்னுச்சு.

திரும்பப் படிச்சேன்.